தலைப்பெழுத்து

பதவி உயர்வுக் கோப்பு நாளைக்குள் போகவேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை ஹெப்பால் ஆய்வுக்கூடத்தில்
நானும் மண் உலர்த்தும் அடுப்பும்தான்.
கணினியில் என் பெயருக்குக் கீழே
ஓர் இதய அறுவை சிகிச்சை.

எஸ். தேன்மொழி.
மேற்கோள்கள்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் சிவலிங்கையா
பை-டூ காபியில் தன் பாதியை ஆற்றியபடி
"மேடம், நீங்கள் இத்தனை துறையிலா!" என்றார்.
என் பாதி ஆறிப்போகும்வரை
நான் மறுக்கவில்லை.

இதய வால்வை நான் தைத்ததில்லை.
ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும் எனக்கு.
சேலத்துக் குழந்தைகளின் கடைவாய்ப்பற்களை
எண்ணியதில்லை.

எஸ் என்றால் சிங்காரம்.
கோலார் தங்கவயலில் கூண்டு இறக்கியவர்.
ஆளை இறக்கி, ஆளை ஏற்றி
ஒருநாளும் தங்கம் பார்க்காதவர்.
எஸ் என்றால் சுப்பையா, சவரிமுத்து, சதாசிவமும்தான்.
யார் யாருடைய அப்பாக்களோ
ஒற்றை எழுத்தின் கீழ் நெருக்கியடித்து நிற்கிறார்கள்,
மெஜஸ்டிக்கில் கடைசி பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

என்னுடையது எது என்றால்
வர்த்தூர் ஏரிக்கரைக் கீரையில் துத்தநாகம்:
மூன்று வருடம், நாலு ஜோடி ரப்பர் செருப்பு,
மேற்கோள் பதினொன்று.
அதில் ஐந்து நானே.

பேர் வாங்கித்தந்தது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று.
எடைபோடுமுன் மண்ணை எத்தனை சூட்டில்
எத்தனை நேரம் காயவைப்பது.
நாற்பது டிகிரி. நாற்பத்தெட்டு மணி.
நெல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்,
சிமெண்ட்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்,
செத்தவனின் பூட்ஸில் ஒட்டிய சேற்றை வைத்து
கொன்றவனின் தோட்டத்தைக் கண்டுபிடித்தவர்களும்.
'மாதிரிகள் உலர்த்தப்பட்டன (தேன்மொழி, 2009).'
இரண்டு வளைகோடுகளுக்கு நடுவே உட்கார்ந்து
உலகம் சுற்றியிருக்கிறேன்.
ஒருவரும் என்னோடு சண்டைகூடப் போட்டதில்லை.

சரி என்று விலக்கத் தொடங்கினேன்.
'இது உங்களுடையதா?' என்று கேட்கிறது திரை.
இல்லை. இதயம் போயிற்று, ஆயிரத்து நூற்றுநாற்பது.
இல்லை. பற்கள்.
இல்லை. பருத்திச் சந்தை, கடற்பாசி, காப்பீட்டுக் கணக்கு.
நடுவில் மின்சாரம் போய்வந்தது.
மீதி நானூற்றைம்பத்தெட்டு.

அதற்குமுன் ஒன்றில் கை நின்றது.
கல்வெட்டில் நில அளவுகோல் பற்றிய கட்டுரை.
எழுதியவள் எங்கோ ஓர் எஸ். தேன்மொழி.
பதினாறு சாண் கோலால் வயலை அளந்தவர்கள்
கரம்பை, களர், மணல் என்று மண்ணைப் பிரித்து
வரி வைத்ததை வரிவரியாய்ப் படித்திருக்கிறாள்.
மேற்கோள் பூஜ்யம்.
இருமுறை வாசித்தேன்.
நான் எழுதியிருக்கவேண்டியது போலிருந்தது.
பொய், என்னால் எழுதியிருக்கவே முடியாதது.
'இல்லை'யை அழுத்தினேன்.
பிறகு பாதியில் கிடந்த என் கட்டுரையைத் திறந்து
மூன்றாம் பத்தியில் சேர்த்தேன்:
'களர் என்ற பாகுபாடு பழையது (தேன்மொழி, 2014).'
உங்களையே ஏன் மேற்கோள் காட்டுகிறீர்கள் என்று
பதிப்பாசிரியர் கேட்பார்.
கேட்கட்டும்.

இன்னும் நாலு மிச்சம், வேறு பெயரில்.
பி. தேன்மொழி.
ஆறு வருடம் அந்த எழுத்தில் குடியிருந்தேன்.
யஷ்வந்த்பூர் வீட்டில், அவர் தூங்கிய பிறகு,
வாஷிங் மெஷின்மேல் மடிக்கணினி வைத்து
நின்றுகொண்டே எழுதியவை.
தீர்ப்பில் நகை பிரிந்தது, வைப்புநிதி பிரிந்தது,
ஸ்கூட்டர்கூட அவருக்குப் போயிற்று.
கட்டுரைகளை யாரும் கேட்கவில்லை.
மேற்கோள் இருபத்துமூன்று.
அதில் ஒன்று இன்றைக்கும் என் நல்ல வேலை.

'இவரும் நீங்களும் ஒருவரா?' என்கிறது திரை.
ஆம்.
இல்லை.
பிறகு நினைவூட்டு.

அடுப்பு மணியடித்தது.
மின்சாரம் போன பதினேழு நிமிடத்தையும் கூட்டிக்
காத்திருந்து தட்டை எடுத்தேன், ஆறவிட்டேன், நிறுத்தேன்.
ஈரம் போக
முப்பத்தோரு கிராம்.